கடலோரத்தில் வீடு கட்டுகிறவருக்கு: கான்கிரீட்டில் எது புதுசு, எது நமக்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூருக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், 1,200 சதுர அடியில் தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் கட்டப் போகிறீர்கள். மேஸ்திரி, "ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று போதும் சார், பிபிசி சிமெண்ட் வேண்டாம், எம் சாண்டை நம்பாதீங்க" என்கிறார். முதலாவது கலவைக் கணக்கு, பிபிசி என்பது சாம்பல் கலந்த சிமெண்ட், எம் சாண்ட் என்பது பாறையை உடைத்துச் செய்கிற மணல். யூடியூபைத் திறந்தால் அச்சடிக்கிற வீடு, தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட், துருவே பிடிக்காத ஃபைபர் கம்பி என்று வேறு ஓர் உலகம் ஓடுகிறது. இதில் எதை எடுப்பது, எதை விடுவது?

இருபத்தைந்து வருடமாக ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறேன், பெரும்பகுதி உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில். பதிலை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். மேஸ்திரி வேண்டாம் என்கிற இரண்டும் உங்களுக்கு வேண்டும். அவர் போதும் என்கிற ஒன்று போதாது. யூடியூப் காட்டுகிற மூன்றும் இப்போதைக்குத் தேவையில்லை.

எல்லாம் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. சிமெண்ட் காய்ந்துதான் இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காய்வதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து கல்லாகிறது. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்ட், முழுக்க வினை புரிய ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் கலவை சட்டியிலிருந்து வழுக்கி விழ வேண்டும், கம்பி இடுக்கில் இறங்க வேண்டும் என்பதற்காக சைட்டில் 30, 35 லிட்டர் போகிறது. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, தான் இருந்த இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துளைகளாக விட்டுவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் கம்பியைத் தேடிப் போகிற பாதை அதுதான். சிமெண்ட்டின் எடைக்கு எவ்வளவு எடை தண்ணீர் என்ற விகிதம்தான் கான்கிரீட்டின் வலிமையை முடிவு செய்கிறது என்று அமெரிக்காவில் டஃப் ஆப்ரம்ஸ் 1918-இல் சோதனைகளோடு எழுதிவைத்தார். நூறு வருடம் தாண்டியும் அந்த விதி அசையவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் உருப்படியான புதுமைகள் எல்லாம், ஒன்று அந்தத் தண்ணீரைக் குறைக்க வழி கண்டவை, இல்லையென்றால் அது விட்டுப்போகிற துளையை அடைக்க வழி கண்டவை.

இப்போது மேஸ்திரியின் "ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று". ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இதைத்தான் எம்20 என்பார்கள். 150 மி.மீ. கனசதுரமாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் அழுத்தினால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்று அர்த்தம். நம் நாட்டில் கான்கிரீட்டுக்கு வேதம் மாதிரி இருக்கிற தரநூல் ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. கான்கிரீட் எந்தச் சூழலில் நிற்கப் போகிறது என்பதை அது ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடலோரக் காற்று நேரடியாகப் படுகிற பகுதிகள் அதில் மூன்றாவது வகை. அவற்றுக்குக் குறைந்தது எம்30, கனமீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமெண்ட், 0.45-ஐத் தாண்டாத தண்ணீர் விகிதம், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம். காற்று படாமல் வீட்டுக்குள் மறைவாக இருக்கும் பகுதிகளுக்கு எம்25, 0.50, 30 மி.மீ. என்று கொஞ்சம் தளர்வு உண்டு. எம்20 உப்புக்காற்று இல்லாத ஊர்களுக்கு, கடுமையில்லாத சூழலுக்குச் சொன்னது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பங்குக் கணக்கில் கலக்கிற முறையை அந்த நூல் எம்20 வரைக்கும்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் நீங்கள் வாங்கப்போகிற சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் லேபில் கொடுத்து மிக்ஸ் டிசைன், அதாவது எதை எவ்வளவு கலப்பது என்கிற கணக்கு, வாங்க வேண்டும். "ஒன்றுக்கு ஒன்றுக்கு இரண்டு போட்டால் எம்25" என்பதெல்லாம் வாய்வழக்கு. அப்புறம், வெளியே எம்30, உள்ளே எம்25 என்று பிரிக்காதீர்கள். நூல் அனுமதித்தாலும் சைட்டில் குழப்பம்தான் மிஞ்சும். வீடு முழுக்க எம்30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

0.45 என்றால் மூட்டைக்கு 22.5 லிட்டர். வேறெதுவும் சேர்க்காமல் அந்த அளவில் கலந்து பாருங்கள், கலவை புட்டுமாவு மாதிரி உதிரியாக நிற்கும். பீம் கம்பிக்குள் இறங்காது, கலவையை அதிரவைத்து இறக்குகிற வைப்ரேட்டர் போட்டாலும் அடியில் ஜல்லி தெரிகிற மாதிரி ஓட்டை விழும். மேஸ்திரி தண்ணீர்க் குழாயைத் தேடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை, அவருக்கு வேறு வழி இல்லாததால்தான்.

வீடு கட்டுகிறவருக்கு உண்மையிலேயே கை கொடுக்கிற கண்டுபிடிப்பு இங்கேதான் வருகிறது: சூப்பர் பிளாஸ்டிசைசர். சைட்டில் வெறுமனே "கெமிக்கல்" என்பார்கள். அதன் முதல் தலைமுறையை 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் காவோ சோப் கம்பெனியில் கெனிச்சி ஹட்டோரி உருவாக்கினார். ஆமாம், சோப் கம்பெனிதான். துணியிலிருந்து அழுக்கைப் பிரிக்கிற வித்தையும் சிமெண்ட் துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிற வித்தையும் ஒரு வகையில் பங்காளிகள். சிமெண்ட் தண்ணீரில் விழுந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகி, நடுவே கொஞ்சம் தண்ணீரைச் சிறைபிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கலவையை இளக்க உதவாது, நாம் மேலும் ஊற்றுவோம். கெமிக்கல் அந்தக் கட்டியை உடைத்து, அடைபட்ட தண்ணீரை விடுவிக்கிறது. 1980-களில், அதுவும் ஜப்பானில்தான், பாலிகார்பாக்சிலேட் என்கிற அடுத்த தலைமுறை வந்தது. அதன் மூலக்கூறு சீப்பு மாதிரி இருக்கும். சீப்பின் முதுகு சிமெண்ட் துகளில் ஒட்டிக்கொள்ளும், பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் துகளை நெருங்க விடாது.

கணக்கில் பார்த்தால் இதன் அருமை புரியும். 20 மி.மீ. ஜல்லி போட்டு, நன்றாக இளகி விழுகிற ஒரு கனமீட்டர் கலவைக்கு, கெமிக்கல் இல்லாமல் சுமார் 197 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். 0.45 விகிதம் வேண்டுமென்றால் அதற்கு 438 கிலோ சிமெண்ட். கெமிக்கல் சேர்த்து தண்ணீரை 20 சதவீதம் குறைத்தால் 158 லிட்டர், 350 கிலோ சிமெண்ட் போதும். கனமீட்டருக்கு ஒன்றே முக்கால் மூட்டை மிச்சம். கெமிக்கலோ மூட்டைக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர்தான், பிராண்டைப் பொறுத்து மாறும். எம்30 போட்டால் செலவு எகிறிவிடும் என்று பயந்தீர்களே, அந்தப் பயம் கெமிக்கல் இல்லாத கணக்கில் வந்தது. சிமெண்டைக் குறைத்தால் இறுகும்போது வருகிற சூடும் சுருக்கமும் சேர்ந்து குறையும். ஒன்று மட்டும்: அளவைக் கண்திட்டமாக ஊற்ற விடாதீர்கள். கூடினால் ஜல்லி கீழே போய்ச் சாந்து மேலே மிதக்கும். சில வகைகளில் கலவை மறுநாள் வரைக்கும் இறுகாமல் கிடக்கும்.

ஜப்பான்காரர்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். வைப்ரேட்டரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, தானாகப் பரவி மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிற கான்கிரீட் வேண்டும் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹாஜிமே ஒகாமுரா 1986-இல் சொன்னார். 1988-இல் அது கைக்கு வந்தது. 1998-இல் திறந்த அகாஷி கைக்யோ தொங்குபாலத்தில் கம்பிவடங்களைப் பிடித்துக்கொள்ளும் பிரம்மாண்ட நங்கூரங்களுக்கு அதை ஊற்றி, இரண்டரை வருட வேலையை இரண்டு வருடத்தில் முடித்தார்கள். உங்களுக்கு இது வேண்டாம். கான்கிரீட்டுக்கு அச்சாக நிற்கிற நம் சென்ட்ரிங் ஷீட்டுகளின் இடுக்கு வழியாகப் பாதி ஓடிப்போகும்.

பிளாண்டில் கலந்து லாரியில் வருகிற ரெடிமிக்ஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தளம் போடுகிற நாளுக்கு வாங்குங்கள். 1,200 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் என்றாலே 14 கனமீட்டர். பீமையும் சேர்த்தால் 18 பக்கம் வரும், அதாவது 6 கனமீட்டர் லாரி மூன்று. பிளாண்டில் எல்லாம் எடை போட்டுக் கலப்பதால் சைட்டில் சட்டி சட்டியாக அளக்கிற கணக்கைவிடப் பல மடங்கு நம்பலாம். சிக்கல் பிளாண்டில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது விதி. லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்தால் கலவை கெட்டிப்பட்டிருக்கும், பம்ப்காரர் முகம் சுளிப்பார், டிரைவர் லாரியிலேயே இருக்கிற தண்ணீர் டேங்கைத் திறப்பார். 100 லிட்டர் விட்டார் என்று வையுங்கள். கனமீட்டருக்கு ஏறத்தாழ 17 லிட்டர் கூடி, 0.45 விகிதம் 0.50 ஆகிவிட்டது. நீங்கள் காசு கொடுத்தது எம்30-க்கு, தளத்தில் விழுவது எம்25-ஐ ஒட்டி. கலவை கெட்டியாக இருந்தால் பிளாண்ட் ஆள் கொண்டுவருகிற கெமிக்கலைத்தான் அளந்து சேர்க்க வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். லாரி வந்ததும் டெலிவரி சீட்டில் கலந்த நேரத்தைப் பாருங்கள்.

பில்லர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை கனமீட்டர்தான் வரும், அதற்கு லாரி வராது. சைட்டிலேயே மிக்ஸர் வைத்துக் கலக்க வேண்டியதுதான். லேப் கொடுக்கிற டிசைனை "ஒரு மூட்டைக்கு மணல் இத்தனை கிலோ, ஜல்லி இத்தனை கிலோ, தண்ணீர் இத்தனை லிட்டர், கெமிக்கல் இத்தனை மில்லி" என்று மாற்றிக் கேளுங்கள். முதல் நாள் தராசில் எடை போட்டு, அதற்குச் சரியாக டப்பாவில் கோடு போட்டுவிட்டால் அப்புறம் டப்பா கணக்குப் போதும். இதில் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் மணலின் ஈரம். கழுவி ஈரத்தோடு வந்த எம் சாண்டில் 5 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். மூட்டைக்கு 100 கிலோ மணல் என்றால் அதில் 5 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு அனுமதித்ததே இருபத்திரண்டரை லிட்டர். அந்த ஐந்தைக் கழிக்காமல் ஊற்றினால் டிசைன் காகிதத்தோடு போய்விடும். மழை பெய்த மறுநாள் இன்னும் கவனம்.

எம் சாண்ட் விஷயத்தில் மேஸ்திரியின் சந்தேகத்துக்குப் பாதி நியாயம் இருக்கிறது. நல்ல எம் சாண்ட் என்பது பாறையை உடைத்து, கடைசிக் கட்டத்தில் விஎஸ்ஐ என்கிற இயந்திரத்தில் கல்லோடு கல் மோதவிட்டு, கூர்முனை மழுங்கச் செய்து, பிறகு கழுவித் தூளை நீக்கியது. ஐஎஸ் 383 தரநூல் இதை ஒப்புக்கொண்டு அளவுகளும் சொல்லியிருக்கிறது: 75 மைக்ரானைவிடச் சிறிய தூள் ஆற்று மணலில் 3 சதவீதம்தான் இருக்கலாம், நொறுக்கிய மணலில் 15 வரை இருக்கலாம். அது களிமண் கலக்காத சுத்தமான கல்தூளாக இருந்தால் கெடுதல் இல்லை, இடுக்கை நிரப்பும். நியாயமான பாதி என்ன என்றால், ஜல்லி உடைக்கும்போது கீழே சேருகிற குவாரி டஸ்ட்டையே எம் சாண்ட் என்று பில் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் செதில் செதிலான கல்லும் தூளும் அதிகம். தண்ணீரைக் குடிக்கும். மேல்மண் கலந்திருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாலிகார்பாக்சிலேட்டையும் குடித்துவிடும், அந்தச் சீப்புப் பற்கள் களிமண்ணின் அடுக்குகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். காலையில் நன்றாக இளகிய கலவை மதியம் அதே அளவில் கெட்டியாக நின்றால், கெமிக்கலைத் திட்டுவதற்கு முன்னால் மணல் லோடு மாறியதா என்று பாருங்கள். பொதுப்பணித் துறையின் தரச்சான்று உள்ள கிரஷரில் வாங்குங்கள், சல்லடைச் சோதனை ரிப்போர்ட் கேளுங்கள். பூச்சுக்கு வருகிற பி சாண்டைக் கான்கிரீட்டில் போட விடாதீர்கள்.

கடலோரத்துக்கு மட்டும் ஒன்று. குறைந்த விலைக்கு உப்பங்கழி மணல் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். போர் தண்ணீரையும் லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு ஆகாது. ஆகாது என்றால் கலக்குவதற்கு மட்டுமில்லை, போட்ட தளம் ஊற அதன் மேல் நிறுத்துவதற்கும் ஆகாது. டேங்கர் தண்ணீர் வாங்குகிற செலவு, பின்னால் துரு பிடித்த கம்பியைச் சரிசெய்கிற செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சரி, சிமெண்ட். பிபிசி என்றால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட், 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரித்த நிலக்கரி விட்டுப்போகிற சாம்பல் மாதிரிதான். "சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறான்" என்பது மேஸ்திரிகளிடம் பழைய புகார். உண்மையில் அது கலப்படம் இல்லை, ஒரு வேலை செய்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு வினை புரியும்போது, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிக்கிற பிசினோடு கூடவே சுண்ணாம்பும் துணைப்பொருளாக வெளிவரும். அந்தச் சுண்ணாம்பு வலிமைக்கு உதவாது, கரைந்து போகவும் கூடும். சாம்பலில் இருக்கிற சிலிகா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, மேலும் பிசினாக மாற்றி, துளைகளை அடைக்கிறது. கடலோரத்தில் நமக்கு வேண்டியதே துளை அடைபடுவதுதான். உப்பு உள்ளே போகிற வேகம் இதில் கணிசமாகக் குறையும். இரும்பாலைக் கசடு கலந்த பிஎஸ்சி கிடைத்தால் அதுவும் கடலோரத்துக்கு அருமையானது. ஓபிசியை, அதாவது இப்படி எதுவும் கலக்காத சாதாரண சிமெண்ட்டை, நான் உங்களுக்குச் சொல்லவே மாட்டேன்.

இந்த வித்தை நமக்குப் புதிதும் இல்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்த சுர்க்கிச் சாந்து செய்ததும் இதே வினையைத்தான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அந்தச் சாந்தில் கட்டியது. வேடிக்கை என்னவென்றால், இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற எல்சி3 என்கிற புது சிமெண்ட்டும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. அதில் சுட்ட களிமண் சுமார் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15 சதவீதம், ஜிப்சம் கொஞ்சம், மீதி பாதிதான் கிளிங்கர், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கிற, சிமெண்ட்டின் மூலப்பொருள். சுவிட்சர்லாந்தின் கேரன் ஸ்கிரிவனர், கியூபாவின் மார்ட்டிரேனா ஆகியோரோடு டெல்லி, சென்னை ஐஐடிக்காரர்களும் சேர்ந்து உழைத்தது இது. ஏன் இவ்வளவு பாடு என்றால், கிளிங்கர் செய்ய 1,450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். எரிபொருள் போக, 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு கிளம்பும். அரியலூரில் ஒரு காலத்துக் கடல் உயிர்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டுப் போன கரி அது. களிமண்ணுக்கு 700, 800 டிகிரி சூடு போதும், அது விடுவது பெரும்பாலும் நீராவிதான். 2023-இல் இந்தியத் தரநூலும் வந்துவிட்டது. உங்கள் ஊர்க் கடையில் மூட்டையாக வருகிறபோது தயங்காமல் வாங்கலாம். அதற்காக வீட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிபிசியில் ஒரு நிபந்தனை உண்டு, மேஸ்திரிகளிடம் அதற்குக் கெட்ட பெயர் வந்ததே இந்த நிபந்தனையை விட்டதால்தான். சாம்பல் மெதுவாக வேலை செய்யும். முதல் வாரத்தில் ஓபிசி அளவு வலிமை வராது. ஓபிசிக்கு ஏழு நாள் தண்ணீர் போதும் என்றால், கலப்பு சிமெண்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள் என்கிறது ஐஎஸ் 456, பதினான்கு என்றால் நல்லது என்கிறது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை நம் ஊரில் ஒழுங்காகவே செய்கிறோம். கோட்டை விடுவது பில்லரில். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை குழாயால் அடித்துவிட்டுப் போனால் பத்து மணி வெயிலுக்கே காய்ந்துவிடும். சாக்கைச் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் ஷீட்டைச் சுற்றிக் கட்டுங்கள், ஈரம் நாள் முழுக்க நிற்கும். சென்ட்ரிங் பிரிப்பதும் அப்படியே. நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று நூல் சொல்வது ஓபிசியை மனதில் வைத்து. பிபிசி என்றால் நான் தளத்துக்கு 14, பீமுக்கு 21 என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். சென்ட்ரிங்காரர் வாடகை ஏறுகிறது என்று முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கம்பிக்கு வருவோம். யூடியூப் சொல்கிற ஃபைபர் கம்பி, அதாவது கண்ணாடி இழைக் கம்பி, துருப்பிடிக்காது, எடையும் குறைவு, எல்லாம் உண்மைதான். ஆனால் இழுத்தால் இரும்பைப் போல முதலில் நீண்டு எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாக அறுந்துவிடும். அதன் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதனால் அதே அளவு கம்பி போட்டால் தளம் அதிகமாகத் தொய்யும். சைட்டில் வளைக்க முடியாது, முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ஸ்டிரப் எல்லாம் ஃபேக்டரியிலேயே வளைத்து வர வேண்டும். தீப்பிடித்தால் இழைகளைப் பிடித்திருக்கிற ரெசின் இளகும். காம்பவுண்டுச் சுவர் அடித்தளம், போர்ட்டிகோ தரை மாதிரி இடங்களில் போட்டுப் பார்க்கலாம். "இரும்புக்குப் பதில் இதே சைஸ் போடுங்க" என்று யார் சொன்னாலும் பீமுக்கும் தளத்துக்கும் போடாதீர்கள், டிசைனே வேறு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள். கடல் நடுவே நிற்கிற பாலத்துக்கு அந்தச் செலவு தகும், வீட்டுக்குத் தகாது. காரைக்குடி செக்ரி ஆய்வகம் உருவாக்கிய சிமெண்ட் பாலிமர் பூச்சு, எபாக்சி பூச்சு என்று பூசிய கம்பிகளும் உண்டு. லாரியில் ஏற்றி, இறக்கி, இழுத்து, வளைத்துக் கட்டுவதற்குள் பூச்சு பல இடத்தில் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் மட்டும் துரு குவிந்து, பூசாத கம்பியைவிட மோசமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண எஃப்இ 500டி டிஎம்டி கம்பி, அடர்த்தியான கான்கிரீட், ஒழுங்கான கவர். இது போதும்.

யூடியூபின் மற்ற இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். அச்சடிக்கிற வீடு பொய்யில்லை. சென்னை ஐஐடியில் படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அந்த வளாகத்திலேயே 600 சதுர அடி வீட்டை அச்சடித்து 2021-இல் திறந்தார்கள். 2023-இல் பெங்களூரு அல்சூரில் 1,021 சதுர அடி தபால் நிலையம் ஒன்றும் அப்படி வந்தது. ஆனால் இதில் பெரும்பாலும் அச்சாவது சுவர். உங்கள் பட்ஜெட்டைத் தின்பது அஸ்திவாரமும் தளமும் உள்வேலையும். மேடும் பள்ளமுமான அந்தச் சுவரில் நாளைக்கு ஒரு ஜன்னலை மாற்ற வேண்டும் என்றால், அந்த வேலை ஊரில் யாருக்கும் தெரியாது. தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட்டில் பாக்டீரியாவைத் தூங்கவைத்து அனுப்புகிறார்கள். விரிசல் வழியே தண்ணீர் வந்தால் அது விழித்து சுண்ணாம்புக்கல்லை உருவாக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஹெங்க் யோங்கர்ஸ் செய்த அழகான வேலை. உங்கள் மொட்டைமாடிக்கு அதைவிட மலிவான மருந்து, விரிசல் வராமல் பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்துவது. ஃபேக்டரியில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டுகிற ப்ரீகாஸ்ட் முறையில் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கட்டி 2022-இல் திறந்தார்கள். ஒரே அச்சு ஆயிரம் தடவை பயன்படுகிற இடத்தில் அது லாபம், ஒற்றை வீட்டுக்குக் கிரேன் வாடகையே கட்டாது.

கடைசியாக, நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்னால் நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கடலோரத்தில் வீடு. டிசைன் நான்தான் போட்டேன். எம்30, கெமிக்கல், கலப்பு சிமெண்ட், எல்லாம் வரைபடத்தில் இருந்தது, கான்கிரீட்டும் நன்றாகவே வந்தது. கனசதுரம் வார்த்து அழுத்திப் பார்த்த க்யூப் ரிப்போர்ட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, ஒன்றுகூடத் தோற்கவில்லை. தளம் போடுகிற அன்று மட்டும் என்னால் போக முடியவில்லை. ஆறாவது வருடம் சன்ஷேடுகளின் அடியில் நீளமாகக் கோடு விழுந்து, பழுப்புக் கறை இறங்கி, ஒரு மழைக்காலத்தில் துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. தட்டிப் பார்த்தால் கம்பிக்கு அடியில் 10 மி.மீ. கான்கிரீட்தான். கம்பியை அச்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஆட்கள் மிதித்ததும் ஜல்லி உருண்டு கம்பி ஷீட்டை ஒட்டி இறங்கிவிட்டது. இரும்பு துருவானால் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. எவ்வளவு நல்ல கலவையாக இருந்தாலும் 10 மி.மீ. கனத்தில் உப்பைத் தடுக்க முடியாது.

அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்30 கான்கிரீட்டிலேயே வார்த்த கவர் பிளாக்குகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மேஸ்திரி தட்டில் சாந்து ஊற்றி வெட்டித் தருவது வேண்டாம், அதுவே உப்புக்கு வாசலாகிவிடும். வீட்டுக்குள் இருக்கிற தளத்துக்கு 30 மி.மீ., சன்ஷேடு, பால்கனி, வெளிப் பில்லர், மேல்நிலைத் தொட்டி இவற்றுக்கு 45. இந்த அளவை உங்கள் இன்ஜினியரிடம் இப்போதே சொல்லுங்கள், கவர் கூடினால் தளத்தின் கனமும் கம்பிக் கணக்கும் மாறும். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சாயந்திரம், லாரி வருவதற்கு முன்னால், டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே ஏறிப் பாருங்கள். சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். ஆட்கள் அதன் மேல் நடந்து கீழே அழுத்திவிட்டால் அந்த கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள், கான்கிரீட் ஊற்றும்போது ஒரு கம்பி கட்டுகிற ஆளைக் கூடவே நிறுத்தி, கீழே போன கம்பியைத் தூக்கி, அடியில் நாற்காலி, அதாவது அதைத் தாங்குகிற வளைத்த கம்பி, வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அன்றைக்குக் கூலி தனியாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.